ஹாலைடு பெரோவ்ஸ்கைட் நானோ படிகங்கள்: ஆய்வுக்கூடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்.இ.டி. சில்லுகளும் சூரியத் தகடுகளும் தயாராகும் மலேசியாவின் கூலிம் வட்டாரத்தில், தோட்டத்துப் பிள்ளைகள் பொருளறிவியல் படிப்பது இன்று அரிதான செய்தி அன்று. அவர்களில் ஹாலைடு பெரோவ்ஸ்கைட் நானோ படிகங்களை, அதாவது ஈயமும் குளோரைடு, புரோமைடு, அயோடைடு போன்ற ஹாலைடு அயனியும் கொண்ட, ஒளிரும் நுண்படிகங்களை, ஆய்வுக்கு எடுத்துக்கொள்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இப்பொருளில் நேரும் தவறுகள் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை: காட்மியம் செலினைடு போன்ற பழைய குவாண்டம் புள்ளிகளுக்கு (அளவைப் பொறுத்து நிறம் மாறி ஒளிரும் குறைக்கடத்தி நானோ துகள்களுக்கு) பொருந்தும் பழக்கங்களை அப்படியே இதற்கும் பொருத்திவிடுகிறோம். இவ்வகைப் படிகங்களில் ஒன்றான சீசியம் ஈய புரோமைடு என்பது, எளிமையாகச் சொன்னால், ஓர் உப்பு. அயனிப் பிணைப்பும் எளிதில் நெகிழும் கட்டமைப்பும் கொண்ட அந்த உப்புத்தன்மைதான் அதன் சிறப்புக்கும் சிக்கலுக்கும் காரணம்.

2015ஆம் ஆண்டு சூரிச்சில் மாக்சிம் கோவலென்கோவின் குழு வெளியிட்ட ஆய்வில், 4 முதல் 15 நானோமீட்டர் வரை பக்க அளவுள்ள கனசதுரப் படிகங்கள், 410 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில், 90 விழுக்காடு வரையிலான ஒளிர்வுத் திறனுடன் (உறிஞ்சிய ஒளித்துகள்களில் மீண்டும் உமிழப்படுபவற்றின் பங்குடன்) ஒளிர்ந்தன. காட்மியம் புள்ளிகளுக்குத் தேவைப்படும் துத்தநாக சல்பைடு மேலுறை இவற்றுக்குத் தேவைப்படவில்லை. படிகத்தில் அயனி இடம் ஒன்று காலியாக இருந்தாலும், எலக்ட்ரானைச் சிக்கவைத்து ஒளியை விழுங்கும் ஆழமான பொறிநிலைகள் எளிதில் உருவாவதில்லை என்பதே இதற்கான விளக்கம்.

இந்த வெற்றியைப் படித்த கையோடு, அளவை மாற்றினால் நிறம் மாறிவிடும் என்று நினைப்பது முதல் தவறு. அளவின் விளைவு உண்மையே. ஆனால் அதற்கு எல்லை உண்டு. சீசியம் ஈய புரோமைடின் போர் விட்டம், அதாவது ஒளியால் கிளர்ந்த எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் இணையாகப் பரவும் அளவு, ஏறத்தாழ 7 நானோமீட்டர்; படிகம் அதைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டால் அளவை எவ்வளவு கூட்டினாலும் நிறம் பச்சையிலிருந்து அதிகம் நகராது. நிறத்தைப் பெரிதும் தீர்மானிப்பது ஹாலைடுதான்: குளோரைடு ஊதாவுக்கும், புரோமைடு பச்சைக்கும், அயோடைடு சிவப்புக்கும் கொண்டுசெல்லும்.

அடுத்த தவறும் இதிலிருந்தே பிறக்கிறது. பச்சைக் கரைசலையும் சிவப்புக் கரைசலையும் ஒரே குப்பியில் ஊற்றினால் இரண்டு நிறங்களும் சேர்ந்து கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அறை வெப்பநிலையிலேயே புரோமைடும் அயோடைடும் படிகங்களுக்கிடையே இடம் மாறிக்கொள்வதால், கிடைப்பது இடைப்பட்ட ஒரே நிறம். ஆகவே ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனிப் பாலிமர் படலத்தில் அடைத்த பிறகே அடுக்க வேண்டும். புரோமைடு வைத்திருந்த குப்பியை அரைகுறையாகக் கழுவிவிட்டு அதில் அயோடைடை நிரப்புவதும் கூடாது.

மாணவர்கள் மிகுதியாக இடறும் இடம், என் கணிப்பில், கழுவுதல், அதாவது தயாரித்த படிகங்களைத் தூய்மைப்படுத்துதல். ரப்பர் பாலோடு பழகிய நம் தோட்டக் குடும்பங்களுக்கு இதை விளக்குவது எளிது: பாலில் மிதக்கும் துகள்களைப் பிரித்து வைத்திருப்பது அவற்றின் மேற்பரப்பிலுள்ள காப்பு, ஃபார்மிக் அமிலத்தை ஊற்றியதும் அந்தக் காப்பு குலைந்து பால் உறைந்துவிடுகிறது. நானோ படிகங்களுக்கு ஓலியிக் அமிலம், ஓலைலமின் ஆகிய கரிமப் பொருள்கள் அத்தகைய காப்பாக அமைகின்றன. ஆனால் அவை மேற்பரப்பில் இறுகப் பிணைந்திருப்பதில்லை. ஒட்டுவதும் விலகுவதுமாகவே இருக்கின்றன. மிகுதியான கரிமப் பொருளை நீக்குவதற்காக, காட்மியம் புள்ளிகளுக்குச் செய்வதைப்போல எத்தனாலையோ மெத்தனாலையோ தாராளமாக ஊற்றினால், காப்பு கழன்று போவதோடு உப்பான படிகமே சிதையத் தொடங்கும். புற ஊதா விளக்கின் கீழ் பளிச்சென்ற பச்சை மங்கிக்கொண்டே போவதைக் கண்ணாலேயே காணலாம். மெத்தில் அசிட்டேட் போன்ற முனைவுத்தன்மை குறைந்த கரைப்பானை அளவோடு சேர்த்து, மையவிலக்குக் கருவியில் சுழற்றி, வண்டலை உடனே டொலுவீனில் மீண்டும் பரப்புவதே பாதுகாப்பான முறை. காப்பு போதவில்லை என்று பயந்து ஓலைலமினை அள்ளிச் சேர்ப்பதும் ஆபத்தே. அது மிகும்போது படிகம் ஈயம் குறைந்த, நிறமற்ற வேறொரு சேர்மமாக மாறிவிடும். நம் செம்பனை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஓலியிக் அமிலம்தான். ஆனால் அது கிளிசரைடாகக் கட்டுண்டு கிடப்பதால், சமையல் எண்ணெயை அதற்கு மாற்றாகப் பயன்படுத்த முடியாது.

சிவப்பு அயோடைடு மஞ்சளாக மாறியதும் பொருள் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டதாகப் பலர் குறித்துவைக்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் கட்டமைப்பு மாற்றம்; சேர்மம் அதேதான், அணுக்களின் அடுக்கு மட்டும் அறை வெப்பநிலையில் நிலைக்கும் மஞ்சள் வடிவத்துக்குத் திரும்பியிருக்கிறது. ஈரப்பதம் இதை விரைவுபடுத்துகிறது. நம் ஊர்க் காற்றில் மூடியைத் திறந்துவைத்துவிட்டுத் தேநீருக்குப் போவது நல்ல பழக்கமன்று.

ஒளிர்வுத் திறனை அளக்கும்போது கரைசல் அடர்த்தியாக இருந்தால், உமிழ்ந்த ஒளியைப் படிகங்களே மீண்டும் உறிஞ்சி, ஒளிர்வு நிறமாலையின் உச்சியைச் சிவப்புப் பக்கம் தள்ளி, மதிப்பையும் குறைத்துக் காட்டும். ஒளிர்வுத் திறன் தெரிந்த வேறொரு பொருளோடு ஒப்பிடும் முறையில் அளப்பவர்கள், கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவான உறிஞ்சளவை 0.1க்குக் கீழ் வைத்துக்கொள்ள வேண்டும்.

பயன்பாடுகளைப் பற்றி எழுதும்போது, மென்படலப் பெரோவ்ஸ்கைட் சூரியக் கலங்கள் எட்டிய, 26 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட மின்மாற்றுத் திறனை நானோ படிகங்களின் சாதனையாகக் காட்டக் கூடாது. 2016இல் அயோடைடு நானோ படிகங்களால் செய்த கலம் 10.77 விழுக்காட்டைத் தொட்டது. அதற்குப் பின் வளர்ச்சி தொடர்ந்தாலும் மென்படலங்களை அது எட்டவில்லை. இவற்றின் உண்மையான வலிமை குறுகிய, தூய நிறத்தில் இருப்பதால் காட்சித் திரைகளே இவற்றுக்கு இயல்பான இடம். எக்ஸ் கதிரைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றும் மினுமினுப்பான்களாகவும் இவை பயன்படும் என்று 2018இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு காட்டியது.

கடைசியாக ஈயம். அளவு சிறிது என்பதால் ஆபத்தும் சிறிது என்று கருதுவது தவறு. நீரில் ஓரளவு கரையும் ஈய உப்பு உடலுக்குள் எளிதில் சேரும். ஈயத்துக்குப் பதில் வெள்ளீயத்தைப் போட்டால் தீர்ந்தது என்பதும் சரியாகாது. வெள்ளீயம் காற்றில் விரைவாக ஆக்சிஜனேற்றம் அடைந்து ஒளிர்வையே இழந்துவிடுகிறது. எனவே கழுவிய நீர்மம், துடைத்த தாள், உடைந்த குப்பி ஆகிய அனைத்தையும் ஈயக் கழிவு என்று எழுதி ஒட்டிய தனிக் கலன்களில் சேர்த்து, அட்டவணைக் கழிவாகவே (சட்டம் பட்டியலிட்டுள்ள ஆபத்தான கழிவாகவே) ஒப்படைக்க வேண்டும். கைகழுவும் தொட்டியில் ஒரு சொட்டும் விழக் கூடாது.