ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கிறீர்களா? வாக்குறுதியில் இந்தத் தவறுகள் வேண்டாம்

டெல்டா மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர் தேர்தல் வந்தால் நோட்டீஸ்கள் பறக்கும். பெயரையும் சின்னத்தையும் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. நெல்லுக்கு நல்ல விலை, பயிர்க்கடன் தள்ளுபடி, கடைமடை வரை காவிரித் தண்ணீர். இந்த மூன்றில் ஒன்றுகூட ஊராட்சித் தலைவரின் கையில் இல்லை.

நெல்லின் ஆதரவு விலையை மத்திய அரசு அறிவிக்கிறது, அதற்கு மேல் ஊக்கத்தொகை தருவது மாநில அரசு. 2021-இல் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்ததும் மாநில அரசுதான். மேட்டூரை ஜூன் 12-இல் திறப்பதா, தள்ளிப்போடுவதா என்பது அணையில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்தது. தலைவரால் கிராம சபையில் தீர்மானம் போட முடியும், கலெக்டரிடம் மனுவோடு போய் நிற்க முடியும். அதுவும் வேலைதான். அதை அப்படியே சொல்லிவிடுங்கள். “வாங்கித் தருவேன்” என்று அச்சடித்துவிட்டு, ஜெயித்த பிறகு “அது என் அதிகாரத்தில் இல்லை” என்று சொன்னால், அடுத்து நீங்கள் சொல்லும் நியாயமான விஷயத்தையும் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

விவசாயிக்கு ஊராட்சியால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பதும் இதே அளவு பெரிய தவறு. நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் வழக்கமாக 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தளர்வு வேண்டுமென்றால் மத்திய அரசு உத்தரவு வர வேண்டும். குறுவை அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் நெல்லை எங்கே காயவைப்பது? தார் ரோட்டில்தான். ஒரு பக்கம் லாரி போகும், மறுபக்கம் பெண்கள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நடப்பார்கள், மேகம் கறுத்தால் ஆளுக்கொரு தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஊரில் ஒரு நல்ல சிமென்ட் களம் இருந்தால் இந்த அவதியில் பாதி குறையும். களம் கட்டுவது ஊராட்சி முன்னின்று செய்யக்கூடிய காரியம். “களம் கட்டுவோம்” என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் புறம்போக்கில், எத்தனை பேர் ஒரே நேரத்தில் நெல் கொட்டும் அளவுக்கு என்று எழுதுங்கள். இடம் ஆக்கிரமிப்பில் இருந்தால் அதை எப்படி மீட்கப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

“எல்லா நீர்நிலைகளையும் தூர்வாருவோம்” என்ற வரியையும் யோசித்து எழுத வேண்டும். 40 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ நூறு ஏக்கர் அல்லது அதற்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) உள்ள ஏரிகள் நீர்வளத்துறையிடம் இருக்கின்றன. அதற்குக் கீழ் உள்ள பாசன ஏரிகள் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊருக்குள் இருக்கும் குளம், குட்டை, ஊருணிதான் உங்கள் ஊராட்சிக்கு வரும். வாய்க்காலிலும் பெரிய வாய்க்கால்களான ஏ, பி பிரிவு ஒரு துறை, வயலுக்குப் பக்கத்தில் ஓடும் சி, டி பிரிவு வேறு கணக்கு. எது யாருடையது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவேட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நோட்டீஸில் ‘எல்லா’ என்பதற்குப் பதில் குளத்தின் பெயரும் வாய்க்காலின் பெயரும் வரட்டும்.

எனக்கு அதிகம் மனக்கஷ்டம் தருவது சிமென்ட் சாலை வாக்குறுதி. சாலை கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா நடத்தலாம், போட்டோ எடுக்கலாம். அதனால் எல்லாருக்கும் அதில்தான் ஆசை. ஆனால் ஒவ்வொரு முறையும் பழைய சாலையைத் தோண்டாமல் மேலேயே போடப்போட, சாலை உயர்ந்து வயல் தாழ்ந்துவிடுகிறது. குறுக்கே தண்ணீர் போக வேண்டிய இடத்தில் சின்னக் குழாய் ஒன்றைப் புதைத்துவிட்டு, மதகு கட்டியதாகக் கணக்கு எழுதிவிடுகிறார்கள். நவம்பர் மழையில் அந்தக் குழாய் குப்பையால் அடைபடும். சாலைக்கு மேற்கே உள்ள இளம் சம்பாப் பயிர் நாலைந்து நாள் முழுகிக் கிடந்து அழுகும். டெல்டாவில் தண்ணீர் வரும் பாதை எவ்வளவு முக்கியமோ, வடியும் பாதையும் அவ்வளவு முக்கியம். சாலை போடுவேன் என்று சொல்லும் வேட்பாளர், வடிகால் எந்தெந்த இடத்தில் அந்தச் சாலையைக் கடக்கிறது என்று மழைக்காலத்தில் ஒரு தடவை நடந்து பார்த்திருக்க வேண்டும். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் அவர்களே காட்டிவிடுவார்கள்.

பணக் கணக்கும் தெரிய வேண்டும். 2021–26 காலத்துக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் செலவழிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு இருந்தது. மீதி 40 சதவீதத்தில்தான் ஊர் தன் தேவையைத் தீர்மானிக்க முடிந்தது. நீங்கள் பதவிக்கு வரும்போது விதி என்னவோ, அதைப் பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும். ஊராட்சியின் சொந்த வருமானம் என்பது வீட்டு வரி, தொழில் வரி, குளத்து மீன் குத்தகை, புளிய மர ஏலம் போன்றவைதான். அந்த மீன் குத்தகை வழக்கமாக ஒரே ஆளுக்குக் குறைந்த தொகைக்குப் போகிறது என்றால், அதை வெளிப்படையாக ஏலம் விடுவேன் என்பதே நல்ல வாக்குறுதி.

இன்னொன்று. ‘விவசாயிகள்’ என்று எழுதும்போது பட்டா வைத்திருப்பவர்களை மட்டும் மனதில் வைத்து எழுதுகிறார்கள். குத்தகைக்குப் பயிர் செய்பவரும், நாற்று நடப் போகும் பெண்களும் ஓட்டுக் கேட்கும்போது மட்டும் நினைவுக்கு வருகிறார்கள். பல ஊர்களில் காலனித் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதையே இல்லை. நட்ட வயலுக்குள் இறங்கி, சேற்றில் முழங்கால் புதையப் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சுடுகாடும் அதன் பராமரிப்பும் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கட்டாயக் கடமை. பாதைக்கு இடம் தரச் சொல்லி நிலத்துக்காரரிடம் பேசும் தைரியம் உள்ளவர் அதை முதல் வாக்குறுதியாகவே வைக்கலாம்.

“நான் தனியாளாகச் செய்து காட்டுவேன்” என்ற பேச்சும் வேண்டாம். பணம் எடுக்கத் துணைத் தலைவரின் ஒப்புதலும் தேவை. அவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். அவர்களைப் பகைத்துக்கொண்டு வந்தால் ஐந்து ஆண்டும் பணம் கணக்கிலேயே கிடக்கும்.

நோட்டீஸை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஊராட்சியின் கடைசி இரண்டு ஆண்டு வரவு செலவைக் கேட்டுப் படியுங்கள். கிராம சபையில் வைக்க வேண்டிய கணக்குதான் அது, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. படித்து முடித்தபின் நோட்டீஸில் பாதி வரிகளை நீங்களே அடித்துவிடுவீர்கள். மீதி நிற்பதை மட்டும் அச்சடியுங்கள்.