பள்ளிகளுக்கிடையே வினாடி வினா: முதல் முறை நடத்துபவர்களுக்குப் படிப்படியாக

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வினாடி வினா என்றால் எப்போதுமே ஆர்வம்தான். அதைப் புதிதாக ஊட்ட வேண்டியதில்லை, கெடுக்காமல் இருந்தால் போதும். மோசமான கேள்விகளும் நியாயமில்லாத சுற்று முறையும்தான் கெடுக்கின்றன. அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி அந்த இரண்டுக்குத்தான். சான்றிதழ், சிற்றுண்டி, பந்தல் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

கடலூர், புதுச்சேரி, பண்ருட்டி, நெல்லிக்குப்பம், பாகூர் வட்டாரத்தில் பத்துப் பதினைந்து பள்ளிகளைக் கூட்டி அரைநாளில் முடிக்கும் போட்டி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: நாளும் ஆளும்

ஜூலை கடைசி அல்லது ஆகஸ்ட் நல்லது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தேதி வைத்தால் முந்தின இரவே மழை விடுமுறை அறிவித்துவிட வாய்ப்புண்டு. ஆகஸ்ட் 16ஐத் தவிர்த்துவிடுங்கள், அன்று புதுச்சேரியில் விடுமுறை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாளில் வருகிறது என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அணிக்கு இருவர் போதும். மூவராக இருந்தால் ஒருவர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கு அதிகபட்சம் 3 அணிகள். உங்கள் பக்கம் கேள்வி கேட்பவர் ஒருவர், மதிப்பெண் எழுத இருவர், மேடையில் அணிகள் விடை எழுதித் தரும் சீட்டை வாங்க மூவர், கணினிக்கு ஒருவர் வேண்டும்.

படி 2: கேள்வி எழுதுவது

முதல்நிலை எழுத்துத் தேர்வுக்கு 25, மேடைச் சுற்றுக்கு 24, உபரியாக 6. மொத்தம் 55 கேள்விகள். ஆனால் 90 எழுதிவிட்டு 35ஐத் தூக்கிப் போட வேண்டும். குறைவாக எழுதினால் சுமாரான கேள்வியையும் விட மனம் வராது.

நல்ல கேள்விக்கு நான் வைக்கும் அளவுகோல்: விடை தெரியாத பிள்ளையும் கொஞ்சம் யோசித்தால் விடைக்குப் பக்கத்திலாவது வர முடிய வேண்டும். "தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி எந்த ஆண்டு வாங்கியது?" என்று கேட்டால் 1690 என்று மனப்பாடம் செய்தவர் சொல்வார், மற்றவர்களுக்கு அதில் வேலையில்லை. அதே செய்தியை இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"1690இல் மராத்தியரிடமிருந்து கடலூர் அருகே ஒரு கோட்டையை வாங்கியது ஆங்கிலேயக் கம்பெனி. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதைக் கயிறோ சங்கிலியோ வைத்து அளக்கவில்லை. கோட்டையிலிருந்து ஒரு செயலைச் செய்தார்கள், அது எட்டிய தூரம் வரை கம்பெனிக்கு என்று ஆனது. அதன் நினைவாக உப்பலவாடி என்ற ஊரின் பெயருக்கு முன்னால் இன்றும் ஒரு சொல் இருக்கிறது. என்ன சொல்?"

விடை குண்டு. பீரங்கி வெடித்து எல்லை குறித்தார்கள். கடலூர்ப் பிள்ளைக்குக் குண்டு உப்பலவாடி தெரியும், ஆனால் காரணம் தெரிந்திருக்காது. காரைக்காலிலிருந்து வந்த பிள்ளைக்கு ஊர் தெரியாது, ஆனால் கோட்டை, எட்டிய தூரம் என்பதை வைத்துப் பீரங்கியைப் பிடித்துவிடும். விடை சொன்னதும் அரங்கமே "அட!" என்னும்.

இப்போது பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன்: இரண்டு சரியான விடை உள்ள கேள்வி.

"புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்த நாள் எது?" பார்க்க எளிமையான கேள்வி. ஆனால் நிர்வாகம் கைமாறியது 1954 நவம்பர் 1, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. மேடையில் ஓர் அணி ஒன்றைச் சொல்லும், அடுத்த அணி மற்றதைச் சொல்லும், இரண்டு ஆசிரியர்களும் எழுந்து நிற்பார்கள். இருவர் சொல்வதிலும் தவறில்லை, கேள்வியில்தான் தவறு. இப்படி மாற்றுங்கள்: "1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, இந்தியாவுடன் இணைவது பற்றி வாக்களித்தார்கள். 170 பேர் ஆதரித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். இது நடந்த கிராமம் எது?" கீழூர். வேறு விடைக்கு இடமே இல்லை.

வடலூரைப் பற்றிக் கேட்டாலும் இதே சிக்கல் வரும். "வள்ளலார் வடலூரில் தொடங்கியது எந்த ஆண்டு?" என்றால் தருமச்சாலையா (1867), ஞானசபையா (1872)? எதைக் கேட்கிறோம் என்பதைக் கேள்வியிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு கேள்வியையும் எழுதியதும் "இதற்கு வேறு எந்த விடை பொருந்தும்?" என்று உங்களையே கேளுங்கள். பிறகு அந்தப் பாடம் தெரிந்த இன்னொருவரிடம் கொடுத்து, விடையைக் காட்டாமல் கேட்கச் சொல்லுங்கள். அவர் தயங்கி "எதைக் கேக்கறீங்க?" என்றால் அந்தக் கேள்வியைத் திருத்த வேண்டும்.

"முதல்", "பெரிய", "ஒரே" என்ற சொற்கள் வரும் கேள்விகளில் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. பிச்சாவரம் உலகின் இரண்டாவது பெரிய அலையாத்திக் காடு என்று வாட்ஸ்அப்பிலும் சுற்றுலாப் பலகைகளிலும் சுற்றுகிறது. அது உண்மையில்லை. பிச்சாவரம் ஏறத்தாழ 1,100 ஹெக்டேர்தான், ஒடிசாவின் பிதர்கனிகாவே இதைவிடப் பல மடங்கு பெரியது. பிச்சாவரத்தின் அழகுக்கு இந்தப் பொய்ப் பட்டம் தேவையும் இல்லை. ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு ஆதாரம் பாருங்கள். இரண்டாவது ஆதாரம் முதலாவதைப் பார்த்து எழுதியதாக இருக்கக் கூடாது. இணையத்தில் ஒரே வாக்கியம் இருபது தளங்களில் இருந்தால் அது ஒரே ஆதாரம்தான். உள்ளூர் வரலாற்றுக்கு மாவட்ட விவரச்சுவடியும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பும் பேருதவி. புதுச்சேரியில் 1827 முதல் இருக்கும் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

பாடப்புத்தகத்திலிருந்து நேரடியாக எடுக்காதீர்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன, கடலூர்ப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடநூலில் படிக்கின்றன. ஒரு பாடநூலிலிருந்து எடுத்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகளுக்கு அநியாயம்.

தமிழில் கேட்கும்போது இன்னொன்று. "1945இல் மார்ட்டிமர் வீலரால் அகழப்பட்ட, ரோமானிய மட்கலங்கள் கிடைத்த, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் எது?" என்று நீட்டினால், எதைப் பற்றிய கேள்வி என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. காதால் கேட்கும் பிள்ளை அதற்குள் முதல் குறிப்பை மறந்திருக்கும். "இது ஓர் ஊர். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழாய்வு செய்தார். ரோமானிய மட்கலங்கள் கிடைத்தன." என்று உடைத்துவிடுங்கள். அரிக்கமேடு என்று மூன்று அணிகளாவது எழுதும்.

படி 3: முதல்நிலை எழுத்துத் தேர்வு

25 கேள்வி, கேள்விக்கு 45 நொடி, கடைசியில் எல்லாவற்றையும் ஒருமுறை விரைவாகத் திரும்பக் காட்ட 5 நிமிடம். முதல் இரண்டு கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவையாக இருக்கட்டும். "1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய கவிஞர் பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்ததும் கைதானார். எந்த ஊர்ச் சிறையில் அடைத்தார்கள்?" போல ஒன்று. பாரதி, கடலூர் என்று எழுதியதும் பதற்றம் போய்விடும்.

5 கேள்விகளுக்கு நட்சத்திரம் போடுங்கள். சமநிலை வந்தால் நட்சத்திரக் கேள்விகளில் அதிகம் சரியாக எழுதிய அணி மேலே. அதிலும் சமம் என்றால் முதல் நட்சத்திரத்திலிருந்து வரிசையாகப் பார்த்து, யார் முதலில் தவறவிட்டாரோ அவர் கீழே. இதைத் தேர்வுக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும்.

திருத்தும்போது ஒருவருக்குப் பத்துத் தாள் என்று பிரிக்காதீர்கள். நால்வர் இருந்தால் முதலாமவர் எல்லாத் தாள்களிலும் 1 முதல் 6 வரை, அடுத்தவர் 7 முதல் 12 வரை என்று பிரியுங்கள். எழுத்துப்பிழையை எவ்வளவு மன்னிப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும், இப்படிச் செய்தால் ஒரு கேள்விக்கு எல்லா அணிக்கும் ஒரே அளவுகோல். 40 தாளானாலும் 20 நிமிடத்தில் முடியும். மேலே வரும் 6 அணிகள் மேடைக்கு.

படி 4: மேடைச் சுற்று

பல பள்ளிகளில் இன்றும் நடக்கும் முறை: முதல் கேள்வி அ அணிக்கு, தெரியாவிட்டால் ஆ அணிக்கு. இரண்டாவது கேள்வி எப்படியானாலும் ஆ அணிக்கு. இதில் உள்ள கோளாறு வெளியே தெரிவதில்லை. அ அணி பலவீனமாக இருந்தால் ஆ அணிக்கு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வாய்ப்பு: அ விட்டது ஒன்று, தன்னுடையது ஒன்று. பலமான அணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அணிக்கோ தன் கேள்வியைத் தவிர எதுவுமே வராது. நாற்காலி எங்கே விழுந்தது என்பது பரிசைத் தீர்மானிக்கும்.

மாற்று முறைக்கு ஒரே விதிதான்: கடைசியாக முயன்ற அணிக்கு அடுத்த அணியிடமிருந்து புதிய கேள்வி தொடங்கும். அ தவறு, ஆ சரி என்றால் அடுத்த கேள்வி இ அணிக்கு. ஆறு பேரும் தவறவிட்டால் கடைசியாக முயன்றது ஊ, எனவே புதிய கேள்வி மறுபடி அ அணிக்கே. 12 கேள்வி இடமிருந்து வலம், 12 கேள்வி வலமிருந்து இடம். யார் எங்கே உட்கார்ந்தாலும் வாய்ப்பு ஏறக்குறைய சமமாகிவிடும்.

இதோடு பவுன்ஸ் (pounce) என்ற முந்திக்கொள்ளும் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேள்வி படித்து முடித்ததும் 20 நொடி. விடை உறுதியாகத் தெரிந்த எந்த அணியும் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். சரி என்றால் 10, தவறென்றால் கழித்தல் 5. எழுதிக் கொடுத்த அணி அந்தக் கேள்வியில் வாய்வழிச் சுற்றில் சேராது. வாய்வழிக்குச் சரி 10, தவறுக்குக் கழிவு இல்லை. அணிக்கு 30 சீட்டு (ஏ4 தாளை நான்காக வெட்டினால் போதும்), அணியின் எழுத்தை முன்பே எழுதிவிடுங்கள். பெயரில்லாத சீட்டு வந்துவிட்டால் பெரிய தகராறு.

கேள்விக்கு இரண்டரை நிமிடம் வீதம் 24 கேள்வி ஒரு மணி நேரம். மதிப்பெண்ணைக் கணினியில் போடாமல் கரும்பலகையில் எழுதுங்கள் என்பது என் உறுதியான கருத்து. அரங்கில் உள்ள அத்தனை கண்களும் கூட்டலைச் சரிபார்க்கும்.

படி 5: திரை

கேள்விகளை யூனிகோட் எழுத்துருவில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பாமினியிலோ வானவில் அவ்வையாரிலோ செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திரை முழுக்கப் புரியாத எழுத்துக் குவியல்தான் வரும். லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸ் போதுமானது. முடித்ததும் பிடிஎஃப் ஆக மாற்றி, அதையே திரையிடுங்கள். ஒலி, காணொளிக் கோப்புகளைத் தனியாக, கேள்வி எண்ணையே பெயராக வைத்து அதே கோப்புறையில் போடுங்கள். பள்ளிப் புரொஜெக்டர் பழையதாக இருந்தால் விஜிஏ இணைப்பு மட்டுமே இருக்கலாம், அதற்கான எச்டிஎம்ஐ மாற்றி ஒன்று கையில் இருக்கட்டும். அதன் வழியே ஒலி வருமென்று நம்பாமல் மடிக்கணினியிலிருந்து ஒலிபெருக்கிக்குத் தனி ஒயர் இழுங்கள்.

பின்சேர்க்கை: பஸ்ஸர் வைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். இருமொழிப் போட்டிக்கு வேண்டாம். தமிழில் முதலில் படித்தால் தமிழ்வழிப் பிள்ளைகள் முந்துவார்கள், ஆங்கிலத்தில் படித்தால் மற்றவர்கள். சீட்டு முறையில் இரண்டு மொழியிலும் படித்து முடித்த பிறகுதான் நேரம் ஓடத் தொடங்கும். விடையை எந்த மொழியில் எழுதினாலும் ஏற்க வேண்டும்.

இன்னொரு பின்சேர்க்கை: ஆறு அணியும் சீட்டுக் கொடுத்துவிட்டால் அடுத்த கேள்வி யாருக்கு? வாய்வழியாக யாரும் முயலவில்லை, எனவே அதே அணியிடமே நிற்கட்டும் என்பது என் விருப்பம். அடுத்த அணிக்கு நகர்த்துவோரும் உண்டு. எதுவானாலும் தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.

முதலிடத்துக்குச் சமநிலை வந்தால் உபரிக் கேள்விகளில் மூன்றை எழுத்தில் கேளுங்கள். அதுவும் சமமானால் எண்ணை ஊகிக்கும் கேள்வி ஒன்று: "வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு எத்தனை மில்லியன் கனஅடி?" 1,465. நெருங்கியவருக்கு வெற்றி. காட்டுமன்னார்கோவில் அணி மேடையில் இருந்தால் மட்டும் இந்தக் கேள்வி வேண்டாம், அவர்கள் தினமும் செய்தித்தாளில் பார்க்கும் எண் அது.