உருக்காலை வாயுக் கணக்கு: ஐரோப்பியத் தரவை எப்படிப் படிப்பது

ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் உட்கார்ந்து ஐரோப்பிய கிளையன்ட்டுக்கு எனர்ஜி டேட்டா பார்க்கும் தமிழர்கள் நிறைய. உருக்காலை வாயுவின், அதாவது இரும்பு-உருக்கு தயாரிப்பில் துணைப்பொருளாக வரும் எரிவாயுக்களின், பயன்பாடு எந்த நாட்டில் குறைகிறது என்று கேட்டதும் பலர் முதலில் திறப்பது அட்டவணையில் 'மொத்த உள்நாட்டு நுகர்வு' என்ற வரிசையை. அங்கே பூஜ்யமோ அதை ஒட்டிய எண்ணோதான் இருக்கும். தரவு விட்டுப்போனதல்ல காரணம். இந்த வாயுக்கள் நிலக்கரியிலிருந்து பிறப்பவை. நிலக்கரியை அந்த வரிசையில் ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டில் 'கம்ப்ளீட் எனர்ஜி பேலன்ஸஸ்' அட்டவணையைத் திறங்கள். சி0350 கோக் அவன் கேஸ் (கோக் அடுப்பு வாயு), சி0371 பிளாஸ்ட் ஃபர்னஸ் கேஸ் (ஊதுலை வாயு), சி0379 மற்ற மீட்பு வாயுக்கள். உருக்கு கன்வெர்ட்டரிலிருந்து வரும் எல்.டி. கேஸ் இந்தக் கடைசிக் குறியீட்டில்தான் வரும். மூன்றையும் தனித்தனியாக, டெராஜூலில் எடுங்கள். கிலோடன் எண்ணெய்ச் சமானத்தில் வந்தால் 41.868-ஆல் பெருக்க வேண்டும்.

உற்பத்திக்கு, 'உருமாற்ற வெளியீடு' என்ற வரிசை. பயன்பாடு நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும்: மின்சாரமும் வெப்பமும் தயாரிக்கப் போனது; கோக் அடுப்பையும் ஊதுலையையும் சூடாக்க எரித்தது, அதாவது எரிசக்தித் துறையின் சொந்தப் பயன்பாடு; இறுதி நுகர்வில் இரும்பு-உருக்கு; இழப்பு. ஃபிளேரில் (பயன்படுத்தாமல் வெளியில்) எரித்ததும் இழப்பில்தான் சேரும். நான்கையும் கூட்டி உற்பத்தியோடு ஒப்பிடுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் ஊதுலைக்கு உள்ளீடாகச் செலுத்திய வாயுவை விட்டிருப்பீர்கள். இறுதி நுகர்வை மட்டும் பார்த்தால் நெதர்லாந்து தவறாகத் தெரியும்: அங்குள்ள எய்முய்டன் உருக்காலையின் வாயு பக்கத்து மின்நிலையங்களுக்குப் போகிறது.

கன மீட்டரில் ஒருபோதும் கூட்டாதீர்கள். ஒரு கன மீட்டர் கோக் அடுப்பு வாயு சுமார் 17 மெகாஜூல் தரும். ஊதுலை வாயு 3 முதல் 4 வரைதான், பாதி நைட்ரஜன். மொத்த கலோரி மதிப்பை (எரியும்போது உருவாகும் நீராவியின் வெப்பமும் சேர்ந்தது) நிகர மதிப்பாக (அது சேராதது) மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். கோக் அடுப்பு வாயுவில் பாதிக்கு மேல் ஹைட்ரஜன் என்பதால் 0.9 பொருந்தும். ஊதுலை வாயுவில் ஹைட்ரஜன் சொற்பம், இரண்டு மதிப்பும் கிட்டத்தட்ட ஒன்றே. அதையும் 0.9-ஆல் பெருக்கினால் 10% காணாமல் போகும்.

முக்காற்புள்ளி போல இரு புள்ளி மட்டும் உள்ள கட்டம் 'தரவு இல்லை' என்று பொருள். அதைப் பூஜ்யமாக நிரப்பாதீர்கள்.

போக்கைக் கணிக்க 2009-ஐயும் 2020-ஐயும் அடிப்படை ஆண்டாக வைக்க வேண்டாம். இரண்டும் நெருக்கடிப் பள்ளங்கள். சிறிய நாடுகளில் ஒரே உலை போக்கைக் காட்டும் வரைகோட்டையே வளைத்துவிடும். 2018 கோடையில் ஆஸ்திரியாவின் லின்ஸ் ஆலை தன் பெரிய ஊதுலையை நிறுத்திப் புதுப்பித்தது. அந்த ஆண்டுச் சரிவைப் பசுமை மாற்றம் என்று எழுதினால் தவறு. பிரிட்டனின் எண்கள் யூரோஸ்டாட்டில் 2019-ஓடு நிற்கும். அங்குள்ள போர்ட் டால்பட் உருக்காலையின் கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30 அன்று அணைந்ததை அந்நாட்டு அரசின் புள்ளிவிவரத்தில்தான் பார்க்க முடியும். பிரிட்டனைச் சேர்த்துத் தொகை போட்டால் 2020-இல் பொய்யான வீழ்ச்சி வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளின் தொகையையே எடுங்கள்.

யூரோஸ்டாட் நம்மூர் நேரப்படி மதியம் 3.30-க்குப் புதுப்பிக்கும், அங்கே கோடை நேரமென்றால் 2.30. பழைய ஆண்டுகளும் திருத்தப்படும், அதனால் ஃபைல் பெயரிலேயே டவுன்லோட் தேதியைப் போட்டு வையுங்கள்.