‘கேட்டராக்ட்’ என்னும் சொல்லின் வேரைத் தேடும் முறை

மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வீட்டுப் பெரியவர்களை அழைத்துச் சென்றவர்கள், கண் மருத்துவத் துறையைக் குறிக்கும் ‘ஆஃப்தால்மாலஜி’, கண்புரையைக் குறிக்கும் ‘கேட்டராக்ட்’ என்னும் இரு சொற்களையும் பலமுறை கேட்டிருப்பார்கள். முறை வரும்வரை காத்திருக்கும் நேரத்தில் இவற்றின் வேரைத் தேடலாம். பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணமே அதற்குத் துணை செய்யும்.

முதலில் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதிக்கொண்டு விகுதியைப் பிரியுங்கள். ‘ஆஃப்தால்மாலஜி’யில் ‘லஜி’ என்பது சொல்லையும் ஆராய்வையும் குறிக்கும் ‘லோகோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. எஞ்சிய பகுதி ‘ஆஃப்தல்மோஸ்’, அதாவது கண். இரண்டையும் இணைக்கும் ‘ஓ’, ‘மரத்தை’ என்பதில் வரும் ‘அத்து’ போன்ற சாரியை என்று கொள்ளலாம். பி-எச், டி-எச் என எழுத்துகள் இணைந்து வருவது கிரேக்கத்தின் அடையாளம். ஒலியை மட்டும் கேட்டால் இது புலப்படாது. நோய்களும் துறைகளும் பெரும்பாலும் கிரேக்கப் பெயர் தாங்க, உறுப்புகள் பல லத்தீனில் வழங்குகின்றன. ‘ரெட்டினா’வின் வேர், வலை என்னும் பொருளுடைய லத்தீன் ‘ரேட்டே’.

‘கேட்டராக்ட்’டுக்குப் பிரித்தல் மட்டும் போதாது. கிரேக்கத்தில் ‘கட்டா’ என்றால் கீழ்நோக்கி. முழுச்சொல் கீழே பாய்வதைக் குறித்து, லத்தீனில் அருவிக்கும் பெயராயிற்று. வாடிப்பட்டிக்கு அருகிலுள்ள குட்லாடம்பட்டி அருவியைக்கூட ஆங்கிலத்தில் அச்சொல்லால் சுட்டலாம். கண்நோய்க்கு அருவியின் பெயர் எப்படி வந்தது என்று கேட்பதே இத்தேடலின் உயிரான படி என்று நான் கருதுகிறேன். ஏதோ ஒரு நீர் மேலிருந்து கண்ணுக்குள் இறங்கி உறைவதால் பார்வை மறைகிறது என்று பழைய மருத்துவர்கள் நம்பினார்கள். அரபு மருத்துவர்கள் அதை ‘நீர் இறங்குதல்’ என்றே அழைத்தார்கள். அரபு நூல்களை 11ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்த ஆப்பிரிக்கக் கான்ஸ்டன்டைன் அக்கருத்துக்கு இச்சொல்லை ஆண்டார். 1705இல் பிரெஞ்சு மருத்துவர் மிஷேல் பிரிசோ, இறந்த ஒருவரின் கண்ணை அறுத்துப் பார்த்து, கலங்கியிருப்பது கண்ணின் வில்லையே (லென்ஸ்) என்று கண்டார். கொள்கை வீழ்ந்தபின்னும் பெயர் நின்றுவிட்டது.

ஆகவே வேர்ப்பொருளை இன்றைய அறிவியல் பொருளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்களே பிரித்து எழுதிய பிறகு, சொற்பிறப்பு தரும் நல்ல ஆங்கில அகராதியைத் திறந்து, சொல் எந்த மொழிகளின் வழியாக, எந்த நூற்றாண்டில் வந்தது என்பதைத் தாளில் பக்கத்திலேயே குறித்து ஒப்பிடுங்கள்.