புடவைக் கரையும் யுக்காதாவும்: தம்பதிக்கு வீட்டிலேயே கிமோனோ

ஜப்பானியரின் நீள அங்கியான கிமோனோவின் உடலிலும் கையிலும் வளைவு வெட்டே கிடையாது. சுமார் 37 செ.மீ. அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள துணியை ஜப்பானியர் நேர்க்கோட்டில் எட்டுத் துண்டுகளாக்கித் தைப்பார்கள். நம்மூர் 45 அங்குலத் துணியை நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தால் தலா 38 செ.மீ. கிடைத்துவிடும். டெல்டாப் புழுக்கத்துக்கு உள்துணியில்லாத பருத்திக் கிமோனோவான யுக்காதாவே ஏற்றது. ஆளுக்கு நாலரை மீட்டர் வாங்கி, ஓர் இரவு ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கத்தரியை எடுங்கள்.

கிழித்த மூன்று பட்டைகளில் இரண்டு உடலுக்கு. தோளில் தையல் இல்லாமல் ஒவ்வொன்றும் முன்னும் பின்னுமாகத் தொங்கும். தோளிலிருந்து கீழ் ஓரம் வரை மனைவிக்கு அவருடைய முழு உயரமும், கணவருக்குக் கணுக்கால் வரையும் அளவு எடுத்து, மடிப்புக்கு 8 செ.மீ. கூட்டுங்கள். மனைவிக்கு மிகும் நீளம் இடுப்பில் மடித்துக் கட்டுவதற்கானது, அதைக் குறைத்துவிடாதீர்கள். அதே பட்டைகளின் மீதியில் கைக்கு 108 செ.மீ. வீதம் எடுத்து இரண்டாக மடியுங்கள். மனைவியின் கையைத் தோளிலிருந்து 23 செ.மீ. வரை மட்டும் உடலோடு இணைத்து, அக்குளுக்குக் கீழே திறப்பு விடவேண்டும். கணவருக்கு அத்திறப்பு கிடையாது.

உடல் பட்டைகள் இரண்டும் சேரும் நடுமுதுகுத் தையலிலிருந்து இருபுறமும் 9 செ.மீ. தோள் மடிப்பின் மேலேயே நேராக வெட்டினால், அதுவே கழுத்து. என் முதல் துணியை ஒரு தையற்கடையில் கொடுத்தேன். ஜிப்பாப் பழக்கத்தில் கழுத்தையும் அக்குளையும் வட்டமாக வெட்டிக் கொடுத்தார்கள், அது இன்று தலையணை உறையாக இருக்கிறது. மூன்றாம் பட்டையில் ஒரு பகுதியை நெடுக்காகப் பிளந்து முன்பக்கம் இரண்டிலும் சேர்த்து, எஞ்சியதில் கழுத்துப்பட்டி எடுத்துச் சாய்வாகப் பொருத்துங்கள். பட்டிக்குள் மிகும் துணியை வெட்டாமல் உள்ளே மடித்துவிடவேண்டும். தையல் பிரித்து, துண்டு துண்டாகத் துவைத்து, மறுபடி தைப்பது ஜப்பானிய வழக்கம். ஆகவே இயந்திரத்தைவிடக் கை ஓட்டுத்தையலே நல்லது.

உடுத்தும்போது இருவருக்கும் இடப்பக்கமே மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வருவது அங்கே இறந்தவர்க்கு உடுத்தும் முறை. இடைக்கச்சையான ஓபி கணவருக்கு 9 செ.மீ. அகலத்தில், இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக அமையும். மனைவிக்கு 15 செ.மீ. வேண்டும். இற்றுப்போன திருபுவனம் பட்டுப்புடவை பெட்டியில் கிடந்தால், அதன் அகலக் கரையைப் பிரித்து, கெட்டித் துணியில் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். நீளம் தாராளமாகப் போதும்.