பழைய மாருதி 800 ஸ்டார்ட் ஆகவில்லையா? கார்புரேட்டரைக் கழற்றும் முன்

சில மாதம் சும்மா நின்ற கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குத் தரும் பாகம்) மாருதி 800, சாவியைத் திருப்பினால் சுற்றும், ஆனால் பிடிக்காது. உடனே கார்புரேட்டரைக் கழற்றுவார்கள். முதல் தவறே இதுதான். பின்னால் உள்ள டேங்கிலிருந்து குழாய், ஃபில்டர், என்ஜினோடு இருக்கும் பம்ப் எல்லாம் தாண்டித்தான் அதற்குப் பெட்ரோல் வருகிறது.

வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது எளிது. சாவியை அணைத்து, ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, சோக்கை (கார்புரேட்டர் வாயில் காற்றை மறைக்கும் தகடு) திறந்து வைத்து கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி த்ராட்டிலை (ஆக்ஸிலேட்டர் பெடல் இயக்கும் நெம்புகோல்) கையால் சட்டென்று இழுங்கள். மெல்லிய கோடாகப் பெட்ரோல் பீய்ச்சினால் சேர்ந்துவிட்டது. அடுத்து பிளக்கில் ஸ்பார்க் வருகிறதா பாருங்கள். பீய்ச்சவில்லையென்றால் பெரும்பாலும் கோளாறு டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள வழியில்தான்.

அங்கே பலரும் ஏமாறுவது ரப்பர் ஹோஸில். கீழே சொட்டவில்லை, அதனால் ஹோஸ் நல்லாயிருக்கு என்று விட்டுவிடுவார்கள். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் பம்ப் பெட்ரோலை இழுக்கிறது. அங்கே வெடிப்பு விழுந்தால் வெளியே ஒழுக வேண்டியதில்லை, காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஹோஸை வளைத்துப் பாருங்கள், கிளாம்புக்குப் பக்கத்தில் முடி போன்ற கோடுகள் தெரியும். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது. எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். புது ஃபில்டர் மாட்டும்போது அதன் மேலுள்ள அம்புக்குறி என்ஜின் பக்கம் இருக்கட்டும்.

ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். ஒவ்வொரு மிதிக்கும் பெட்ரோல் பீய்ச்சும், பிளக் நனைந்துவிடும். நனைந்துவிட்டால் பெடலை முழுக்க அழுத்தியபடியே, விட்டுவிட்டு மிதிக்காமல், சில விநாடி சுற்றுங்கள்.

கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்வது எங்கும் நடக்கிறது. பேக்ஃபயர் ஆனால், அதாவது என்ஜினுக்குள் எரிவது கார்புரேட்டர் வழியாகத் திரும்பி வெடித்தால், தீ மேலே வரும், அதனால் கூடவே கூடாது. ஹோஸை வாயால் உறிஞ்சுவதும் அப்படித்தான்; நுரையீரலுக்குள் பெட்ரோல் போனால் ஆஸ்பத்திரிதான்.

சரி, கடைசியில் கார்புரேட்டரைத் திறந்தே ஆக வேண்டுமா? ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் நுண்துளை) கம்பியால் குத்தாதீர்கள். பித்தளைத் துளை பெரிதாகி மைலேஜ் போய்விடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றழுத்தமும் போதும். டேங்கிலுள்ள பழைய பெட்ரோல் மேல் புதியதை ஊற்றாமல், முதலில் வடித்துவிடுங்கள்.

பம்ப் சந்தேகம் என்றால் டிப்ஸ்டிக்கை (என்ஜின் ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்து ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் பம்புக்குள் உள்ள டயாஃப்ரம் (சவ்வு) கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கலாம். பம்பை மட்டும் மாற்றி ஓட்டாதீர்கள், ஆயிலையும் மாற்றிய பிறகே என்ஜினைச் சுற்றுங்கள்.