பீடோங் மளிகைக் கடையில் பிக் டேட்டா: பில் மிஷினிலிருந்து தொடங்குங்கள்

பிக் டேட்டா, அதாவது பெருந்தரவு, என்றதும் சர்வர் அறை, மாதச் சந்தா, தலைநகரிலிருந்து காரில் வந்து ஸ்லைடு காட்டும் விற்பனையாளர் எல்லாம் நினைவுக்கு வருகிறதா? ஒதுக்கி வையுங்கள். தோட்டத்துப் பட்டணத்தில் கடை நடத்துகிறவருக்கு வேண்டிய தரவு கல்லாப் பக்கத்து பில் மிஷினுக்குள் ஏற்கெனவே கிடக்கிறது. நாளைக்கு 200 பில், பில்லுக்கு 5 சாமான் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 1,000 வரிசை, மூன்று வருடத்தில் 1,095,000. எக்செல் ஒரு தாளில் ஏற்பது 1,048,576 வரிசைதான். மளிகைக் கடையும் எக்செலை மீறிவிடும்.

மலேசியாவின் கெடா மாநிலத்து பீடோங்கில் மாமாவின் கடைக்கு நான் செய்து கொடுத்த வழி இது. பிஓஎஸ் எனப்படும் பில் மிஷினும் ஜிமெயில் கணக்கும் உங்களிடம் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: தரவை வெளியே எடுப்பது

மிஷினின் ரிப்போர்ட் பகுதியில் விற்பனை விவரத்தை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) கோப்பாக எடுங்கள். தினசரி மொத்தம் வேண்டாம், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு சாமானும் தனி வரிசையாக வர வேண்டும்: பில் எண், தேதி, நேரம், பார்கோடு, பெயர், எண்ணிக்கை, விலை. இதை வெளியே தராத மிஷினை இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், வாங்காதீர்கள்.

படி 2: பார்கோடு (என்னை இழுத்தடித்த இடம்)

சிஎஸ்வியை இரண்டு முறை கிளிக் செய்து எக்செலில் திறக்காதீர்கள். மலேசியாவில் பதிவான பார்கோடு 955 என்று தொடங்கும், 13 இலக்கம் இருக்கும். எக்செல் அதைப் பெரிய எண் என்று நினைத்து 9.55, பக்கத்தில் ஓர் ஆங்கில ஈ, அப்புறம் +12 என்று சுருக்கிக் காட்டும். பார்க்கத்தானே அப்படி என்று விட்டுவிட்டு மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருக்கியதுதான் கோப்பில் எழுதப்படும். மைலோவும் சார்டினும் சோப்பும் ஒரே பார்கோடு ஆகிவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் பார்கோடுகளில் அந்தப் பூஜ்யமும் காணாமல் போகும்.

சரியான வழி: காலித் தாள் ஒன்றைத் திறந்து, டேட்டா பகுதியில் ‘ஃபிரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’, அடுத்து ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’. பார்கோடு நெடுவரிசையின் வகையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். உடனே ஒரு கேள்வி வரும். அதில் ‘ரீப்ளேஸ் கரண்ட்’ என்பதையே அழுத்துங்கள். புதிய படி சேர்க்கும் மற்றப் பொத்தானை அழுத்தினால், முதலில் எண்ணாக மாறி பூஜ்யத்தை இழந்த பிறகுதான் எழுத்தாக மாறும். கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துகிறவர்கள் இம்போர்ட் செய்யும்போது, எழுத்தை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

சாமானின் பெயரை நம்பிக் கூட்டாதீர்கள். பொன்னி அரிசி ஒன்றையே கடையில் மூன்று பேர் மூன்று விதமாக டைப் செய்திருப்பார்கள். பார்கோடை வைத்துக் கூட்டுங்கள்.

படி 3: நாள்காட்டித் தாள்

கணினிக்குத் தெரிந்த வாரம் வேறு, நம் ஊர் வாரம் வேறு. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வேலைநாள் எண்ணும் ‘நெட்வொர்க்டேஸ்’ ஃபார்முலா தானாகச் சனி ஞாயிறைக் கழிக்கும். அதன் ‘இன்டில்’ வகையை எடுத்து, வார விடுமுறைக்கு 7 என்று கொடுத்தால் வெள்ளி சனி ஆகிவிடும்.

அதைவிட முக்கியம் சம்பள நாள். 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் போட வேண்டும். எனவே தோட்டத்து வியாபாரம் எந்தக் கிழமை என்பதைவிட, சம்பளம் போட்டு எத்தனையாவது நாள் என்பதைப் பார்த்துத்தான் நடக்கும். நாள்காட்டித் தாளில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அந்த எண்ணை எழுதுங்கள். பெருநாட்களையும் குறியுங்கள். நோன்புப் பெருநாள் 2024இல் ஏப்ரல் 10, 2025இல் மார்ச் 31. இதைக் கவனிக்காமல் ஏப்ரலோடு ஏப்ரலை ஒப்பிட்டால் வியாபாரம் விழுந்துவிட்டது என்று வீணாகப் பயப்படுவீர்கள்.

“ஏழாந்தேதி கூட்டம் வரும்னு கம்ப்யூட்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?” என்று மாமா கேட்டார். நியாயம்தான். ஆனால் கடுகு எண்ணெய் வாங்கும் பங்களாதேஷ் தொழிலாளர்கள் அதே பில்லில் மைசூர் பருப்பும் எடுக்கிறார்கள் என்பது அவருக்கும் புதிது. இப்போது இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கின்றன.

படி 4: பிக்குவெரி, லுக்கர் ஸ்டூடியோ

கூகுள் ஷீட்ஸ் 1 கோடி செல் வரை ஏற்கும் என்பார்கள், அதற்கு வெகு முன்பே மூச்சு வாங்கும். அப்போது கூகுளின் இணையத் தரவுக் கிடங்கான பிக்குவெரிக்குப் போங்கள். கடன் அட்டை கொடுக்காமலே 10 ஜிபி சேமிப்பும் மாதம் 1 டிபி வரை தேடலும் இலவசம். ஏற்றும்போது தானாக வகை கண்டுபிடிக்கும் வசதியை அணைத்துவிட்டு, பார்கோடையும் தேதியையும் ‘ஸ்ட்ரிங்’ (எழுத்து) என்று நீங்களே சொல்லுங்கள். நாள்/மாதம்/வருடம் என்ற நம் தேதி வரிசை அதற்குத் தானாகப் புரியாது. ஏற்றிய பிறகு மாற்றிக்கொள்ளலாம். விற்பனையை வரைபடமாகப் போட கூகுளின் லுக்கர் ஸ்டூடியோ போதும், அதுவும் இலவசம். மைக்ரோசாஃப்டின் பவர் பிஐயும் இதற்கு நல்ல மென்பொருள்தான், ஆனால் அதன் டெஸ்க்டாப் பதிப்பு விண்டோசில் மட்டும் ஓடும். கடையில் எல்லாரும் கைப்பேசியில் பார்க்கும்போது அது எனக்கு வேண்டாத சுமை.

வாடிக்கையாளர் பெயர், கைப்பேசி எண், 555 நோட்டில் இருக்கும் கடன் கணக்கு எதையும் அப்படியே மேலே ஏற்றாதீர்கள். ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, பெயர்ப் பட்டியலைக் கடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது. அது இல்லாவிட்டாலும், யார் எவ்வளவு கடன் என்பது சின்ன ஊரில் வெளியே போகக் கூடாத விஷயம்.

படி 5: படத்தைப் படிப்பது

1 கிலோ பொட்டலச் சமையல் எண்ணெய், அரசு மானியத்தில் 2 வெள்ளி 50 காசுக்கு விற்பது, படத்தில் இரண்டு நாள் உச்சத்துக்குப் போய் அடுத்த பல நாள் பூஜ்யத்தில் கிடக்கும். வாங்க ஆளில்லை என்று அர்த்தமில்லை, சரக்கு இல்லை. எனவே கையிருப்பு தீர்ந்த தேதியைத் தனியாகக் குறியுங்கள். அந்த நாட்களை விட்டுவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும்.

வெளித் தரவு வேண்டுமா? அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் ‘பிரைஸ்கேட்சர்’ விலைப் பட்டியல் மாதக் கோப்பாக இலவசமாகக் கிடைக்கிறது. அக்கம்பக்கத்துக் கடைகளின் விலையை உங்கள் விலையோடு ஒப்பிடலாம். கோப்பில் கடைக்கும் பொருளுக்கும் வெறும் எண்தான் இருக்கும். அவற்றின் பெயர்ப் பட்டியல்கள் இரண்டையும் சேர்த்தே இறக்குங்கள்.

பின்சேர்க்கை: வெங்காயத்தை எடை போட்டு விற்கும் ஒரு வாசகி, தன் படத்தில் ஆயிரக்கணக்கில் புதுப் பொருள்கள் முளைப்பதாக எழுதியிருந்தார். தராசு அச்சடிக்கும் பார்கோடு 2 என்ற எண்ணில் தொடங்கும். அதன் பின்பாதியில் எடையோ விலையோ இருப்பதால் ஒவ்வொரு பையும் தனிப் பொருளாகத் தெரிகிறது. பெரும்பாலான தராசுகளில் முதல் 7 இலக்கத்தை மட்டும் வெட்டி எடுத்தால் பொருள் எண் கிடைத்துவிடும். உங்கள் தராசில் ஒரே பொருளை இரண்டு முறை வேறு எடையில் போட்டு, எதுவரை மாறாமல் இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: பிக்குவெரியில் பழைய தரவு மறைந்துவிட்டது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கடன் அட்டை கொடுக்காத கணக்கில் அட்டவணைகள் 60 நாளில் தானாக அழிந்துவிடும். மூலக் கோப்புகளை மாதவாரியாக ஒரு பென்டிரைவில் வைத்திருந்தால் மறுபடி ஏற்றிவிடலாம்.